நாலு மணி ரொட்டி

ஒரு ஊருக்குப் போனால் எதைப் பார்ப்பது என்பதில் எங்களுக்குள் பெரிய சண்டை வந்ததில்லை. காலையில் எங்கே, என்ன சாப்பிடுவது என்பதில்தான் வரும். நாங்கள் நாலு பேர். மட்டக்களப்பு, யாழ்ப்பாணம், வெள்ளவத்தை, பசறை என்று ஆளுக்கொரு ஊர். பிட்டு, இடியப்பம், பாண், ரொட்டி என்று ஆளுக்கொரு காலை. "எங்கட வீட்டுக் காலைச் சாப்பாட்டுக்கு முன்னால உங்கடதெல்லாம் சும்மா" என்ற வாய்ச்சண்டை கம்பஸ் காலத்திலிருந்து ஓய்ந்ததே இல்லை. வீடு வீடாகப் போய்ச் சாப்பிட்டுப் பார்த்தால்தான் இது தீரும் என்று முடிவெடுத்தோம். முதல் பயணம் 2024 ஓகஸ்ட்டில், பதுளைக்கு.

கொழும்புக் கோட்டையிலிருந்து இரவு அஞ்சல் ரயில். பண்டாரவளை தாண்டும்போது வெளிச்சம் வந்துவிட்டது. எல்ல, ஒன்பது வளைவுப் பாலம், பிறகு தெமோதரை. அங்கே பாதை ஒரு சுற்றுச் சுற்றி, தான் நின்ற ஸ்டேஷனுக்குக் கீழேயே சுரங்கத்தில் நுழைந்து போகும். எல்லாரும் போனைத் தூக்கிக்கொண்டு கதவுப் பக்கம் ஓட, எங்கள் பசறைத் தோழி மட்டும் நித்திரை. "இது எங்க ஊரு பஸ் மாதிரிடா" என்றாள். இந்தத் தண்டவாளம் 1924இல் பதுளைக்கு வந்து சேர்ந்தது. அதற்கு அப்பால் ரயில் கிடையாது. தேயிலையைக் கொழும்புக்கு இறக்கப் போட்ட பாதையில் இன்றைக்கு ஊர் பார்க்கிற கூட்டம் ஏறுகிறது.

பதுளையிலிருந்து பசறைக்கு பஸ். பசறையிலிருந்து ஓட்டோ. அது ஏற முடியாத இடத்திலிருந்து நடை. தோழியின் வீடு லயத்தில் கடைசிக் காம்பரா. முன்னால் இஸ்தோப்பு, அதை மறைத்துக் கட்டிய ஒரு சின்ன அறை, பின்னால் குசினி. தண்ணீர் பீலியிலிருந்து. அன்றைக்கு முழுக்க நல்ல காற்று. மட்டக்களப்புக்காரி மூக்கை உயர்த்திப் பார்த்துவிட்டு, "இது எங்கட கச்சான் காத்து" என்றாள். அதே காற்றுத்தான். மேற்கிலிருந்து வந்து, மழையை அந்தப் பக்கத்து மலைகளில் கொட்டிவிட்டு, காய்ந்து போய் ஊவாவைத் தடவிக்கொண்டு கிழக்கே இறங்குகிறது. ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை இந்தக் காய்ந்த காற்றில் வாடுகிற கொழுந்துக்குத்தான் உலகச் சந்தையில் 'ஊவா' என்ற தனிப் பெயரும் தனி விலையும்.

அந்த வீட்டில் விடிந்தது நாலு மணிக்கு. எங்களுக்கு இல்லை, அம்மாவுக்கு. மிலாறு முறிக்கிற சத்தத்தில்தான் நாங்கள் கண்விழித்தோம். கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடியின் காய்ந்த குச்சிகள் அவை. சட்டென்று பிடித்து எரியும், சட்டென்று அணையும். ஒரு ஆள் அடுப்புக்குப் பக்கத்திலேயே குந்தியிருந்து தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்.

கோதுமை மா, துருவின தேங்காய்ப்பூ, பொடியாக அரிந்த வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு. கொதிக்காத, ஆனால் கை பொறுக்கிற சூட்டுத் தண்ணீர். பிசைந்து மூடி வைத்துவிட்டு அம்மா சம்பலுக்குத் திரும்பிவிடுவார். அம்மியில் காய்ந்த கொச்சிக்காய், உப்பு, சின்ன வெங்காயம், கையில் காசிருந்தால் ஒரு துண்டு மாசி. கடைசியில் தேசிக்காய்ப் புளி. கட்டச் சம்பல் முடியும்போது மாவும் இளகியிருக்கும். உருண்டை பிடித்து உள்ளங்கையில் தட்டி, விரலால் ஓரத்தைத் திருப்பித் திருப்பிப் பரத்தி, காய்ந்த கல்லில் போடுவார். எண்ணெய் இல்லை. ஒரு பக்கம் கருகின புள்ளி விழும்போது திருப்ப வேண்டும். கடைசியில் கல்லை இறக்கிவிட்டுத் தணலில் நேராக ஒரு தடவை காட்டினால், தேங்காய் கொஞ்சம் பொசுங்கி ஒரு வாசம் வரும் பாருங்கள்! வெள்ளவத்தைக்காரன் போர்வைக்குள் இருந்தே "எனக்கு ரெண்டு" என்று கத்திவிட்டான்.

சாப்பிட்டோம். வெளியே மொறுமொறு, உள்ளே மெத்து. பல்லில் தேங்காய் இனிக்கும்போது நாக்கில் கொச்சிக்காய் பற்றி எரியும். அதற்கு மேல் சீனி போட்ட வெறுந்தேத்தண்ணி. அடுத்த நாள் அதே மாவில் வெங்காயத்துக்குப் பதில் சீனி போட்டுத் தட்டித் தந்தார், சின்னப் பிள்ளைகளுக்குத் தருகிற மாதிரி. மூன்றாம் நாள் அவித்த மரவள்ளிக் கிழங்கும் அதே சம்பலும். வாய்ச்சண்டையில் பசறை வென்றுவிட்டது என்று யாழ்ப்பாணத்தானே ஒப்புக்கொண்டான். அவன் ஒப்புக்கொள்வது லேசில்லை.

ஆனால் நாங்கள் எழுத வந்தது ருசியை மட்டும் இல்லை. முதல் நாள் காலையில் நாங்கள் இஸ்தோப்பில் வட்டமாக உட்கார்ந்து மூன்றாவது ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, அம்மா நின்றபடியே ஒரு ரொட்டியை ரெண்டாக மடித்து வாயில் வைத்தார். இன்னும் ரெண்டைச் சம்பலோடு சுருட்டிப் பையில் போட்டார். இடுப்பில் படங்கைக் கட்டி, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு பெரட்டுக்களத்துக்கு இறங்கிவிட்டார். அப்போது ஏழு மணிகூட ஆகவில்லை. பிந்தினால் அன்றைக்கு வேலை இல்லை என்று திருப்பி அனுப்பலாம். சொன்ன நிறைக்குக் கொழுந்து வராவிட்டால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். காலைச் சாப்பாடு என்பது அவருக்கு உட்கார்ந்து செய்கிற காரியமே இல்லை.

அன்று மாலை கொழுந்து நிறுத்துவிட்டு வந்தவரிடம் யாழ்ப்பாணத்தான் கேட்டான்: "அம்மா, இங்க தோசை, இட்லி எல்லாம் சுடுறதில்லையா?"

"அதெல்லாம் தீவாளிக்கு, பொங்கலுக்குத் தம்பி. ஊறப்போடணும், ஆட்டணும், இந்தக் குளிருல பொங்குதான்னு பாத்துக்கிட்டு நிக்கணும். கொழுந்து நமக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா?"

எங்களுக்கு இந்த ஒரு பதிலில்தான் ரொட்டி முழுசாகப் புரிந்தது. தோட்டத்தில் ரொட்டி ஆட்சி செய்வதற்குக் காரணம் அது எளிய உணவு என்பதோ, இவர்களுக்கு அதுதான் பிடிக்கும் என்பதோ மட்டும் இல்லை. இடிக்கவும் அரைக்கவும் ஊறவைக்கவும் தேவையில்லாத ஒரே தானியம் கடையில் வாங்குகிற கோதுமை மா. அரை மணி நேரத்தில் சுடலாம், கறி வேண்டாம், பையில் சுருட்டலாம், ஆறினாலும் தின்னலாம், பத்து மணித் தேத்தண்ணி வரைக்கும் பசி தாங்கும். நேரம் பறிக்கப்பட்ட பெண்கள் கண்டுபிடித்த சாப்பாடு அது. யாழ்ப்பாணத்திலும் கோதுமை மா உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே அதை அவித்து, அரித்து, பிட்டாக்கி, உளுந்தோடு சேர்த்துத் தோசையுமாக்குவார்கள். அதற்கு வீட்டில் ஒரு ஆளின் காலை முழுசாக வேண்டும்.

கோதுமை இந்த மலையில் விளைவதில்லை. இலங்கையில் எங்கேயும் விளைவதில்லை என்றே சொல்லலாம். தமிழ்நாட்டிலிருந்து கூட்டி வரப்பட்டவர்கள் முதலில் தின்றது சோறு. தோட்ட நிர்வாகம் அரிசியை அளந்து கொடுத்து, சம்பளத்தில் கழித்துக்கொண்டது. அந்த அரிசியில் பெரும்பங்கு பர்மாவிலிருந்து வந்தது. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அரிசிக் கப்பல் நின்றது, ரேஷன் வந்தது, கோதுமை மா வீடுகளுக்குள் நுழைந்தது. யுத்தம் முடிந்தும் அது போகவில்லை. மலிவு மாவும் அமெரிக்க உதவிக் கோதுமையும் அதை நிரந்தரமாக்கின.

1973-74இல் இறக்குமதி வெட்டப்பட்டு ரேஷன் குறைந்தபோது மாவுக்கும் பாணுக்கும் விடியற்காலையில் வரிசை. கிராமத்தவனுக்கு ஒரு துண்டு வயலாவது இருந்தது. தோட்டத்தவனுக்குச் சொந்த நிலம் இல்லை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு நிறையப் பேருக்கு நாடே இல்லை. அந்த வருஷங்களில் தோட்டங்களில் மனிதர்கள் பட்டினியால் செத்தார்கள். அம்மாயிக்கு இப்போதும் ரொட்டியில் ஒரு துண்டு மிஞ்சினால் பொறுக்காது. யாராவது வைத்தால் எடுத்து மூடி வைத்துவிடுவார். காரணம் கேட்டால் "எழுவத்திநாலு" என்பார், அவ்வளவுதான். 1980 முதல் திருகோணமலை ஆலை அரைத்துத் தள்ளிய மா, மலையேறிக் கடைசிக் கடை வரைக்கும் வந்தது. 2022 நெருக்கடியில் அந்த மாவே பல மடங்கு விலையேறியபோது மாவில் தண்ணீரும் வீட்டில் கடனும் கூடியது என்று தோழி சொல்வாள்.

தேங்காய்க்கும் ஒரு கணக்கு இருக்கிறது. மலையில் தேங்காய் காசு கொடுத்து வாங்குகிற சாமான். சம்பள வாரத்தில் ரொட்டி வெள்ளையாக, இனிப்பாக இருக்கும். மாசக் கடைசியில் தேங்காய் குறைந்து ரொட்டி இறுகிப் போகும். ஸ்கூல் டப்பாவைத் திறந்தாலே யார் வீட்டில் என்ன நிலவரம் என்று தெரிந்துவிடும் என்றாள். பாண் கொண்டுவருகிற பிள்ளைகளுக்கு முன்னால் மூடியைப் பாதி மட்டும் திறந்து, கையை உள்ளே விட்டுப் பிய்த்துத் தின்ற கதையை அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

2016ஆம் ஆண்டின் தேசிய மக்கள்தொகை, சுகாதார ஆய்வில் ஒரு எண் இருக்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுக்க 17 சதவீதம் அளவில். தோட்டப்புறத்தில் மட்டும் கிட்டத்தட்ட 32 சதவீதம். மாவும் சீனியும் தேத்தண்ணியும் வயிற்றை நிரப்பும், வளர்க்காது. எங்களுக்கு நாவில் எச்சில் ஊறவைத்த அதே தட்டுத்தான் இந்த எண்ணுக்குள்ளும் இருக்கிறது. ரெண்டையும் சேர்த்தே பேச வேண்டும். ருசியை மட்டும் பேசினால் பொய். வறுமையை மட்டும் பேசினால், நாலு மணிக்கு எழும்பி அந்த ருசியை உண்டாக்கிய கைக்கு அவமரியாதை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு வேலை இல்லை. சனிக்கிழமை மத்தியானமே உளுந்தும் அரிசியும் ஊறப்போட்டு, பக்கத்துக் காம்பராவில் பிளெண்டர் கடன் வாங்கி, பையன்கள் ரெண்டு பேரும் ஆட்டினார்கள். இராக் குளிரில் மா பொங்குமோ பொங்காதோ என்று சட்டியைத் துணி சுற்றி அடுப்படியில் வைத்தோம். பாதிதான் பொங்கியது. தோசை கொஞ்சம் தட்டை, ஆனால் தோசைதான். அம்மாவை இஸ்தோப்பில் பாயில் உட்காரச் சொல்லித் தட்டில் போட்டோம். ஒவ்வொரு தோசைக்கும் எழும்பி அடுப்பைப் பார்க்க வந்தார். "உக்காருங்கம்மா" என்று நாலு தடவை சொல்லவேண்டி இருந்தது. லயத்துப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். பெடியன்கள் சுடுகிறார்கள், பொம்பிளை உட்கார்ந்து சாப்பிடுகிறார்! அவர்களுக்கு அது ரயிலைவிடப் பெரிய வேடிக்கை.

திங்கட்கிழமை பசறையிலிருந்து நமுனுகுல வழியாக எல்லவுக்கு இறங்கினோம். எல்ல வேறு உலகம். தெருவின் ரெண்டு பக்கமும் கஃபே. ஒரு கடைப் பலகையில் பரிட்டோ, டாக்கோ, பக்கத்திலேயே 'இலங்கைக் காலையுணவு' என்று தேங்காய் ரொட்டியும் சம்பலும். பரிட்டோ விலை ஒரு நாட்சம்பளத்தைத் தாண்டியிருந்தது. அப்போது தோட்டத்தில் நாட்சம்பளம் 1000 ரூபா. 1700 ஆக்கும் அறிவிப்பு நீதிமன்றத்தில் நின்றுகொண்டிருந்தது. அடுத்த மாதம்தான் அடிப்படைச் சம்பளம் 1350 ஆனது. நாலு பேரும் காசு போட்டு ஒரே ஒரு பரிட்டோ வாங்கி நாலாக வெட்டிக்கொண்டோம். கோதுமை ரொட்டிக்குள் அவரை, தக்காளி, மிளகாய். தோழி ஒரு கடி கடித்துவிட்டு, "இது நம்ம அம்மா பையில சுருட்டிக்கிட்டுப் போறதுதானே" என்றாள்.

விளையாட்டுக்குச் சொன்னாலும் அதில் விஷயம் இருக்கிறது. அம்மா அம்மியில் அரைத்த மிளகாயின் தாய்வீடு மெக்சிகோ. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் அதை ஆசியாவுக்குக் கொண்டுவந்தார்கள். கொச்சிக்காய் என்ற பேரில் கொச்சித் துறைமுகம் ஒட்டிக்கொண்டிருப்பதாகச் சொல்வார்கள். மிளகாய் இல்லாத கட்டச் சம்பலை நினைக்கவே முடியவில்லை, இல்லையா? அங்கேயும் அம்மி உண்டு. மெத்தாத்தே என்று பேர், எரிமலைக் கல், மூன்று கால். பார்த்தால் நம் அம்மியின் ஒன்றுவிட்ட அக்கா மாதிரி இருக்கும்.

மெக்சிகோ என்று ஒரே சாப்பாடு இல்லை என்பதும் பிறகு தேடி வாசித்தபோதுதான் தெரிந்தது. தெற்கே ஒஹாக்காவில் காலைச் சாப்பாடு மெமெலா. சோளமாவைத் தடிப்பாகத் தட்டி, கல்லில் சுட்டு, மேலே அவரை மசியலும் சீஸும் மிளகாய்ச் சட்னியும். அதற்கான மாவுக்குச் சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் அவித்து, ஊறவைத்து, தோல் கழுவி, மெத்தாத்தேயில் அரைக்க வேண்டும். ஆலைகள் வருவதற்கு முன்னால் ஒரு குடும்பத்துக்கு அரைக்கவே பெண்களுக்கு நாளில் பல மணி நேரம் போனது. கிராமத்துக்கு ஆலை வந்தபோது அவர்களுக்குக் கிடைத்தது மாவை விடவும் நேரம். வடக்கே சொனோரா பக்கம் சோளம் இல்லை, கோதுமை. ஸ்பானியர் கொண்டுவந்த கோதுமை. அதைப் பெரிதாக, மெல்லிசாக விரித்துச் சுடுவது இன்றைக்கு அந்த ஊரின் பெருமை. எல்லவில் நாங்கள் நாலாக வெட்டிய பரிட்டோ அந்த வடக்கத்திக் கோதுமை வழி வந்தது. வெளியிலிருந்து வந்து திணிந்த தானியத்தைத் தன்னுடையதாக்குவது மலையகத்துக்கு மட்டும் உரிய கதை இல்லை.

வித்தியாசம் வேறொரு இடத்தில் இருக்கிறது. 2010இல் யுனெஸ்கோ மெக்சிகோவின் பாரம்பரியச் சமையலைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. மிச்சோவாக்கான் மாநிலத்தை முன்மாதிரியாக வைத்து, சோளத்தை அவிக்கிற முறை, அரைகல், அதைச் செய்கிற பெண்களின் கூட்டுக்கள் எல்லாவற்றையும் சேர்த்தே சொன்னது. அங்கே சமைக்கிற பெண்ணுக்குப் பேர் இருக்கிறது. எல்லவின் பலகையில் ரொட்டி இருந்தது, சம்பல் இருந்தது. அதை இந்த மலையில் காலையெல்லாம் சுடுகிறவர்கள் யார் என்பதற்கு ஒரு சொல்கூட இல்லை. அந்தப் பலகையைத் தாண்டி அண்ணாந்து பார்த்தால் லயம் தெரிகிறது!

ஊவாவுக்குப் போகாதீர்கள், ரொட்டி தின்னாதீர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. போங்கள். எல்லவோடு நிற்காமல் பதுளை வரை, பசறை வரை, ஹல்தும்முல்லை வரை போங்கள். நண்பர்கள் வீட்டில் தங்கினால் மாவும் தேங்காயும் நீங்கள் வாங்கிக்கொண்டு போங்கள், முக்கியமாக மாசக் கடைசியில். மிலாறு தள்ள ஒரு ஆள் எழும்புங்கள். பையன்கள் தட்டப் பழகுங்கள், ஓரம் வெடிக்கும், பரவாயில்லை. படம் போட்டால் ரொட்டிக்குக் கீழே 'மலையகம்' என்று எழுதுங்கள். சம்பளம், நிலம், வீடு என்று அங்கே பேச்சு வரும்போது அது அரசியல் என்று எழும்பிப் போகாதீர்கள். காலையில் உட்கார்ந்து சாப்பிட ஒரு பெண்ணுக்கு நேரம் வேண்டுமென்றால் அந்த மூன்றும் வேண்டும்.

எங்கள் அடுத்த பயணம் மட்டக்களப்புக்கு. பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, பிபிலை வழியாகச் செங்கலடிக்கு இறங்குகிற ஏ5 வீதியில் போகலாம் என்றிருக்கிறோம். அங்கே பிட்டு அவிக்க அம்மா எத்தனை மணிக்கு எழும்புவார் என்று கேட்டோம். மட்டக்களப்புக்காரி கொஞ்சநேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "நான் எழும்பேக்க எப்பவும் பிட்டு இருக்கும். எத்தின மணிக்கெண்டு நான் கேட்டதேயில்ல."